எல்லோருக்கும் ஒரே கேர் ப்ளான்: கையெழுத்துப் போடலாமா?

2025 மே 12 (கேள்வி)

என் மாமியாருக்கு 84 வயது. டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் வைத்துப் பார்த்தோம், முடியவில்லை. போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு முதியோர் இல்லத்தில், தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கான ஃப்ரெயில் கேர் பிரிவில் சேர்த்தோம். நேற்று, அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதிய மூன்று பக்கக் கேர் ப்ளானைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். ‘அமைதியாகப் பேசவும், கவனத்தைத் திருப்பவும், பாதுகாப்பை உறுதி செய்யவும், போதிய நீர் கொடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் அவர்கள் தாளைக் காட்டினார். ஒரு வரி மாறவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் என் மாமியார் பெயரே அவர் தாளில் நிற்கிறது. இது வெறும் சம்பிரதாயம்தானே, போட்டுக் கொடுத்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மே 12, இரவு

போடாதீர்கள். இரண்டு நாள் டைம் வேண்டும் என்று சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு 2004-ல் டர்பன் வந்தவள். 13 வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தில் கேர்கிவர். எங்கள் பிரிவில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இந்தத் தாள்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன.

மாமியார் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். இது அவர்தான் என்று எங்காவது தெரிகிறதா? ‘கவனத்தைத் திருப்பவும்’ என்றால் எதன் பக்கம் திருப்புவது? ராத்திரி மூன்று மணிக்கு ஏஜென்சியிலிருந்து வந்த ஒரு கேர்கிவர் பிள்ளை, அன்றைக்குத்தான் உங்கள் மாமியாரை முதல்முதலாகப் பார்க்கிறாள். அவள் கையில் 14 கட்டில். மாமியார் எழுந்து அழுகிறார். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உதவாத வரி அந்தத் தாளில் எதற்கு?

மே 13

நேற்றுத் தூக்கம் வந்துவிட்டது, பாதியில் விட்டேன்.

நீங்களே அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்? எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார், விளக்கு எரிய வேண்டுமா? தேநீருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, கப்பா டம்ளரா? கண்ணாடி, பல் செட், காது மிஷின் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லாமல் தவிப்பார்? யார் தொட்டால் கூசுவார்? ஆண் கேர்கிவர் துணி மாற்றலாமா? எந்தக் கையில் வளையல் கழற்றக் கூடாது? சின்ன வயதில் என்ன வேலை பார்த்தார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதற்கு நான் மறுபடி வருவேன்.

சாப்பாட்டுக்குத் தனியாக நாலு வரி வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா வெள்ளிக்கிழமை மட்டும் மதியத் தட்டைத் தள்ளிவிடுவார். சார்ட்டில் ‘பசி இல்லை’ என்று பல வாரம் ஏறிவிட்டது, எடையும் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள்தான் அவரைத் தலைக்குக் குளிப்பாட்டி, விபூதி பூசி உட்கார வைக்கிறோம். மதியம் அதே கையால் கோழிக்கறி வைக்கிறோம். எப்படிச் சாப்பிடுவார்? கிழமையின் பெயர் மறந்துபோனாலும் ஈரத் தலைமுடி அவருக்குக் கிழமையைச் சொல்லிவிடுகிறது. பருப்பும் கீரையும் வைத்தோம், வழித்துச் சாப்பிட்டார். புரட்டாசி மாதம் முழுக்க விரதம் பிடித்தவர் என்று மகன் அப்புறம்தான் சொன்னார். சேர்க்கும்போது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுதிய அரைப் பக்கத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வெளியே ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள். ஃபைலுக்குள் வைத்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

மே 17

‘அக்கா, மாமியாருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், மொழி பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குத் தெரியும், சரி. இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு ஆயா இருக்கிறார், தொண்ணூறைத் தொடும் வயது. வடக்குக் கடற்கரையில் கரும்புத் தோட்டத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியில் ஜூலு, அப்புறம் பேரப்பிள்ளைகளுக்காக இங்கிலீஷ். மறதி வந்தபோது பின்னால் வந்த மொழி முதலில் போனது. இரண்டு வருஷத்தில் இங்கிலீஷ் போயிற்று, பின்னாலேயே ஜூலுவும். தமிழ் மட்டும் நின்றது. பிந்திக் கற்ற மொழி முந்தி உதிர்வது டிமென்ஷியாவில் பல பேருக்கு நடக்கிற விஷயம்தான். அவரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் உம்லாசி, க்வாமாஷு என்று டர்பனைச் சுற்றியுள்ள ஜூலு குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். பொறுமைசாலிகள். தமிழ் ஒரு சொல் தெரியாது.

நான் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தேன். அவர் சார்ட்டைப் புரட்டினால் 11 நாளாக ஒரே வரி: ‘குளிக்க மறுக்கிறார். தொட்டால் நோ, நோ என்கிறார்.’ மறுக்கிறவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதனால் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை நானும் கூட நின்றேன். பேட் மாற்றுவதற்காக இடது காலைத் தூக்கினாள் அந்தப் பிள்ளை. ஆயா கண்ணை இறுக்கிக்கொண்டு ‘நோவு... நோவுது’ என்றார்.

நோவு. எங்கள் பக்கம் ‘வலிக்கி’ என்போம், அதனால் எனக்கே ஒரு விநாடி ஆயிற்று. இங்குள்ள பழைய குடும்பங்களில் நிறைய பேர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் வழி. அவர்கள் வாயில் நோவுதான். அந்தப் பிள்ளையின் காதில் அது இங்கிலீஷ் ‘நோ’.

காலுறையைக் கழற்றினேன். குதிகாலில் ஐந்து ராண்ட் காசு அளவுக்குக் கருத்த புண். மெத்தையில் குதிகால் அழுந்தியே வந்தது. குளிக்கவில்லை, அதனால் காலுறை கழற்றவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. 11 நாள் அந்த மனுஷி சரியான சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அவர் ப்ளானில் ஏறியவை: கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் தொங்க வேண்டும். காலுறை தினமும் கழற்றப்பட வேண்டும், குளித்தாலும் குளிக்காவிட்டாலும். மேலே பெரிய எழுத்தில் ஒரு சொல், ‘நோவு’, பக்கத்தில் ஜூலுவில் ‘உபுஹ்லுங்கு’. அதற்குக் கீழே தண்ணி, பசி, குளிரு, வெளிக்கு, போதும், அம்மா. எல்லாம் அந்தப் பிள்ளைகள் வாசிக்கிற எழுத்தில். மொத்தம் 15 சொல். 15 சொல்லைக் கற்றுக்கொள்ள ஒரு தேநீர் இடைவேளை போதும்.

மே 18

மொழி பற்றி இன்னொன்று. இது சிரிக்கிற கதை.

காலையில் ஜூலுவில் வணக்கம் சொல்வது ‘சாவுபோனா’. அதே ஆயாவிடம் புதிதாக வந்த ஒரு பிள்ளை கட்டிலருகே குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, ‘சாவுபோனா, கோகோ!’ என்றாள். கோகோ என்றால் பாட்டி. ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘யாரு செத்தா?’ என்று அழ ஆரம்பித்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய வணக்கம்தான். ஜூலு போனபின் அவர் காதில் அது வேறென்னவாக விழும்? அந்தப் பிள்ளைக்கு நான் விளக்கிச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் ‘வணக்கம் ஆயா’. ஆயா தலையைத் தடவிக் கொடுப்பார். இதுவும் ப்ளானில் ஒரு வரியாக இருக்கிறது.

மே 19

மறதி எவ்வளவு என்று அளக்கிற பரீட்சையையும் எந்த மொழியில் வைத்தார்கள் என்று கேளுங்கள். உலகம் முழுக்க ஓடுகிற 30 மார்க் பரீட்சை ஒன்று 1975-ல் வந்தது. அதில் தேதி, கிழமை, நாடு கேட்பார்கள், ‘வேர்ல்ட்’ என்ற இங்கிலீஷ் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து வரை சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு தோட்டத்து மனுஷியிடம் அதைக் கேட்டுவிட்டு மார்க் போட்டால் அது எதன் மார்க்?

இந்த நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று சொல்கிற இடத்தில் தமிழைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. அதை நான் மேட்ரனிடம் ஒருதடவை சொன்னேன். அவர் தெரியாது என்றார், அப்புறம் எழுதி வைத்துக்கொண்டார்.

மே 25

ப்ளான் எழுதுகிற மேஜையில் யார் யார் உட்கார வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர், சிஸ்டர், குடும்பத்தார், முடிந்தவரை அந்த முதியவர். அவரோடு அன்றாடம் இருக்கிற கேர்கிவரும் கட்டாயம், சமையலறையிலிருந்து ஒருவரும் கட்டாயம். வந்த 48 மணி நேரத்தில் ஒரு அடிப்படைத் தாள், 14 நாளில் முழு மதிப்பீடு, அது முடிந்து 7 நாளில் முழு ப்ளான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது.

கேர்கிவரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாரத்தில் அந்த உடம்பைத் தொடுகிற நேரத்தில் முக்கால்வாசி அவளுடையது. எந்த இடத்தில் கை வைத்தால் முகம் சுளிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். அவளை வார்டில் நிறுத்திவிட்டு மீட்டிங் போட்டால் அங்கே பேசுவதெல்லாம் ஃபைலைப் பற்றித்தான், ஆளைப் பற்றி இல்லை.

மே 27

முந்திய குறிப்பைத் திருத்துகிறேன். இங்கே ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டினார். 48 மணி, 14 நாள், 7 நாள், கேர்கிவரும் சமையலறை ஆளும் குழுவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அமெரிக்க மத்திய அரசின் விதி. 1987-ல் அவர்கள் நர்சிங் ஹோம்களுக்கென்று கொண்டுவந்த சட்டத்தின் வழி வந்தவை. பயிற்சி வகுப்பு ஒன்றில் படித்து நாங்கள் எங்கள் இல்லத்துக்கு எடுத்துக்கொண்டோம். நம் சட்டம் போல எழுதிவிட்டேன், தப்பு.

நம்முடையது 2006-ஆம் வருஷத்து முதியோர் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அதன் 16-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இல்லத்தில் இருக்கிறவர் தன் சார்பாகப் பேச ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். தன் சொந்தப் பொருள்களை வைத்துப் புழங்கலாம். விரும்பிய சமயக் காரியங்களில் கலந்துகொள்ளலாம். வெளியே அனுப்புவதென்றால் குறைந்தது 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும். ‘இங்கே விளக்கு, சாமி படம் எல்லாம் வைக்க முடியாது’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். நெருப்பு கூடாது என்றால் அது நியாயம், பேட்டரி விளக்கு வைக்கலாம். படம் கூடாது என்றால் அது நியாயம் இல்லை.

அப்புறம், சேர்க்கும்போது டிக்யூ98 என்று ஒரு படிவம் நிரப்பியிருப்பார்கள். எவ்வளவு உதவி தேவை என்று அது அளக்கும். அதை வைத்துக்கொண்டே சில இடங்களில் ப்ளான் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மாவு எத்தனை படி என்று அளந்தாயிற்று, தோசை யாருக்கு எப்படி வேண்டும் என்று இனிமேல்தானே கேட்கணும்.

ஜூன் 8

குளிர் ஆரம்பித்துவிட்டது, குளிப்பாட்டுகிற சண்டையும் கூடவே. அடிக்கிறார், கடிக்கிறார் என்று இங்கே மூன்று பேர் எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக.

எங்களிடம் ஒரு தாத்தா. பிறந்தது மேகசின் பாரக்ஸில், முனிசிபாலிட்டி தொழிலாளர் குடியிருப்பு அது. 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் வாலிபன். நல்ல உயரம், கை நீளம். காலை ஐந்து மணிக்குக் குளிப்பாட்டுவோம், ஏனென்றால் ஏழு மணிக்கு ஹேண்ட்ஓவர், அதாவது அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது, அதற்குள் நைட் ஷிஃப்ட் குளியலெல்லாம் முடித்தாக வேண்டும். யாருடைய வசதிக்கு இந்த ஐந்து மணி என்று பாருங்கள். அவர் தினமும் அடிப்பார். சார்ட்டில் ‘ஆக்ரோஷம்’. டாக்டர், ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அடிப்பது குறைந்தது, கூடவே நடப்பதும் பேசுவதும் குறைந்தது.

புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர்தான் நிறுத்திக் கேட்டார், எப்போது அடிக்கிறார், எந்தக் கையால் அடிக்கிறார்? நான் யோசித்துப் பார்த்தேன். எப்போதும் இடது கை. அவர் வலது கைக்காரர். வலது கையைத் தூக்கினால்தான் அடி விழுகிறது.

பேச முடியாதவருக்கு வலி பார்க்க ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது, பெயினாட் என்பார்கள், 2003-ல் வந்தது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சட்டை மாற்றும்போது போட்டுப் பார்த்தோம், 7 வந்தது. வலது தோள் இறுகிப் போயிருந்தது. எத்தனை மாதமாகவோ.

ப்ளான் மாறியது. குளியல் பத்தரைக்கு, வெயில் வந்தபின். அதற்கு முக்கால் மணி முன்னால் பாரசிட்டமால். தண்ணீர் முதலில் காலில்தான், தலையில் இல்லை. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் திறந்து போடக் கூடாது, மடியில் எப்போதும் ஒரு துண்டு. சட்டை போடும்போது நோகிற கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வெளியே வர வேண்டும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை இல்லை, வீட்டில் பார்க்கிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நார்வேயில் 18 இல்லங்களில் டிமென்ஷியா உள்ள 352 பேரை வைத்து இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2011-ல் வெளியானது. வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுத்த பிரிவில் எட்டு வாரத்தில் கத்தலும் அடிதடியும் குறைந்தது.

ஜூன் 9

தாத்தாவின் மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே மருந்துத் தாளில் பெட்டி கட்டி எச்சரித்திருக்கிறது. சில பேருக்குத் தேவைப்படலாம், நான் டாக்டர் இல்லை. ஆனால் எதற்காக, எவ்வளவு நாளைக்கு, எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்ற மூன்றையும் ப்ளானில் எழுதச் சொல்லிக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

திடீரென்று இரண்டு மூன்று நாளில் குணம் மாறினால் அதை மறதியின் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புது மருந்து, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 22

சின்ன வயதில் என்ன வேலை என்று கேளுங்கள் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். இதில் தப்பு என்னுடையது.

ஒரு அம்மா. பகலெல்லாம் அமைதி. சாயங்காலம் நான்கு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போவார், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்பார். கேர்கிவர் பக்கத்தில் போனால் கையை இன்னும் உயர்த்துவார். அடிக்க வருகிறார் என்று பயந்து எல்லோரும் ஒதுங்குவார்கள். யாரும் வரவில்லையென்றால் அழுவார். பொழுது சாய்கிற நேரத்துத் தடுமாற்றம், இந்த நோயில் சகஜம் என்று நானே ப்ளான் எழுதினேன்: ‘நான்கு மணிக்கு முன் தேநீர். பக்திப் பாட்டு பிடிக்கும் என்கிறார் மகள். லோட்டஸ் எஃப்எம் ரேடியோ போடவும்.’

பாட்டுப் போட்டால் அழுகை கூடியது. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ப்ளானில் எழுதியாயிற்று, மகள் சொன்னது, தப்பாக இருக்காது என்று இருந்துவிட்டேன்.

அவரோடு முன்னால் வேலை பார்த்த ஒரு அம்மா ஒரு நாள் பார்க்க வந்தார். நான்கு மணிக்கு வாசலில் கை தூக்கி நிற்பதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. ‘கேட்டுல செக் பண்ணுவாங்கம்மா’ என்றார். இரண்டு பேரும் இங்கே துணி ஃபாக்டரியில் மெஷினிஸ்ட். 26 வருஷம். சங்கு ஊதியதும் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, கையைத் தூக்கினால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், துணித்துண்டு எதையும் எடுத்துப் போகிறார்களா என்று. அப்புறம்தான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, வீட்டில் பிள்ளைகள்.

சோதித்து அனுப்ப ஆளில்லாமல் தினமும் கேட்டிலேயே நின்றிருக்கிறார் அந்த அம்மா. உள்ளே பாட்டு வேறு.

மகளிடம் கைப்பை கேட்டேன், பழையது ஒன்று, கறுப்பு, கொக்கி தேய்ந்தது. ஒரு சீப்பு, கைக்குட்டை, சில்லறை பர்ஸ். நான்கு மணிக்குக் கையில் கொடுப்போம். வாசலில் கேர்கிவர் பையைத் திறந்து பார்த்து, ‘சரிம்மா, போங்க’ என்பாள். அவர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்வார். ‘பஸ் இப்ப வந்துடும்’ என்று சொல்வோம். இருட்டுகிறவரை அங்கே இருந்துவிட்டுச் சாப்பிட வருவார். தடவிப் பார்ப்பதை மட்டும் நாங்கள் செய்யவில்லை.

ஜூலை 6

‘இது பொய்தானே? மறதி உள்ளவரை ஏமாற்றலாமா?’ என்று கேட்டவருக்கு. அன்றைக்கே பதில் எழுதி அழித்துவிட்டேன். இரண்டு வாரம் யோசித்தேன்.

பையைப் பார்த்து அனுப்புவதில் எனக்கு உறுத்தல் இல்லை. வேலை முடிந்தது, போகலாம் என்று ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவருடைய தேவை, அது நிஜம். ஆனால் ‘பஸ் இப்ப வந்துடும்’ என்றது சரியில்லை. வராத பஸ்ஸுக்காக ஒருவரை உட்கார வைத்திருந்தோம். ஒன்றிரண்டு நாள் அவர் எழுந்து ரோட்டை எட்டிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன், அதை நீங்கள் கேட்கிறவரை பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டோம். இப்போது ‘பஸ் எப்ப வரும்?’ என்றால் ‘எந்த பஸ்ல போவீங்கம்மா?’ என்று பக்கத்தில் உட்கார்கிறோம். சொல்ல ஆரம்பித்துவிடுவார். மழை நாளில் ஜன்னல் மூடாத பஸ், கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை, பக்கத்து சீட்டுக்காரி கொடுத்த பச்சை மாங்காய். பத்து நிமிஷம் பேசிவிட்டு, பஸ்ஸை மறந்து, உள்ளே வருவார். பத்து நிமிஷம் உட்கார ஆள் வேண்டும், அதுதான் கஷ்டம். நான்கு மணிக்கு மாடி வேலையை வைக்காமல் டியூட்டி லிஸ்டை மாற்றிக் கொடுத்தார் மேட்ரன். டியூட்டி லிஸ்ட் மாறாமல் ப்ளான் மட்டும் மாறினால் அது தாளோடு நின்றுவிடும்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் என்ற மனோதத்துவ அறிஞர் 1990-களில் இதையெல்லாம் எழுதி வைத்தார். நோயோடு சேர்ந்து, சுற்றி இருக்கிறவர்கள் அவசரப்படுத்துவதும், தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொள்வதும், குழந்தை மாதிரி நடத்துவதும், ஏமாற்றுவதும் ஒருவரைச் சிதைத்துவிடும் என்றார். ஏமாற்றுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் மார்க்கர் போட்டுக் கோடு கிழித்து வைத்திருந்தேன். இருந்தும் செய்தேன்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. இன்றைக்குக் கோயிலிலிருந்து மாரியம்மன் கூழ் வந்தது, வேப்பிலையோடு. வார்டு முழுக்க வாசனை. பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத நாலு பேர் தானாகக் கை கூப்பினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணியாக எது கொடுத்தாலும் புரையேறுகிற ஒருவருக்கு, ரசம் கொடுக்கக் கூடாது என்று, விழுங்குவதையும் பார்க்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதிவிட்டுப் போனார். அவர் வீட்டார் அழுதார்கள், ரசம் இல்லாமல் சாப்பிட்டதே இல்லையாம். பொடி கலந்து கெட்டியாக்கிய ரசத்தை அவர் துப்பிவிட்டார். அதற்குப் பதிலாகக் கொடுத்த கூழ் இயல்பாகவே கெட்டி, நாக்கில் நின்று மெதுவாக இறங்குகிறது. தெரபிஸ்ட் வந்து பார்த்துச் சரி என்றார். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பின்தான் அடுத்தது, சாப்பிட்டு அரை மணி படுக்க வைக்கக் கூடாது. சமையலறை ஆளை மேஜையில் உட்கார வைக்கச் சொன்னது இதற்குத்தான். இந்த யோசனை எங்கள் சமையல்கார அம்மாவுடையது.

ஜூலை 29

மாமியாருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுவது பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. மாமியார் நல்ல நினைவில் இருந்தபோது எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி, அவருக்கு முடிவெடுக்கும் திறன் போனதும் இந்த நாட்டில் செல்லாது. பல நாடுகளில் தொடர்ந்து செல்லும், இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பணம், வீடு விஷயங்களுக்கு அவர் சார்பில் பார்த்துக்கொள்ள ஹைகோர்ட் நியமிக்கிற க்யூரேட்டர், அல்லது 2002 மனநலச் சட்டத்தின்படி மாஸ்டர் என்ற ஹைகோர்ட் அதிகாரி நியமிக்கிற நிர்வாகி வேண்டும். வக்கீலைப் பாருங்கள். கேர் ப்ளானில் கையெழுத்து என்பது வேறு, அது நீங்கள் பார்த்தீர்கள், பேசினீர்கள் என்பதற்கு.

ஆகஸ்ட் 10

மாமியாருக்குப் புது ப்ளான் எழுதிவிட்டார்கள், ராத்திரி கேர்கிவரும் மீட்டிங்குக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. ‘தையல் பெட்டியைத் தொட்டால் அடங்குவார்’ என்ற வரிக்கு ஒரு திருத்தம் மட்டும். பெட்டியில் ஊசி, கத்தரி இருக்கக் கூடாது. நூல்கண்டும் பெரிய பட்டனும் போதும். பட்டனை வாயில் போடுகிற கட்டம் வந்தால் அதையும் எடுத்துவிட்டு வெறும் துணி. நவம்பரில் ப்ளானை ஒருதடவை மறுபடி பாருங்கள்.

ஆகஸ்ட் 16

நோவு ஆயாவைக் கேட்டவர்களுக்கு. குதிகால் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று, ஆறிவிட்டது. இப்போது பேச்சு நின்றுவிட்டது. நோவு என்றும் சொல்வதில்லை. போன வாரம் அவர் தாளை மறுபடி எழுதினோம். 15 சொல்லை எடுத்துவிட்டு, ‘இடது புருவம் சுருங்கினால் காலைப் பார். உதட்டை உள்ளே இழுத்தால் வாயைப் பார்’ என்று போட்டோம். புருவக் கணக்கைக் கண்டுபிடித்தது அன்றைக்குச் சாவுபோனா சொன்ன பிள்ளை.

பழைய தாளை அவள் தூக்கிப் போட விடவில்லை. காலைத் தொடுவதற்கு முன்னால் இன்றைக்கும் குனிந்து, ‘நோவா, ஆயா?’ என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள்.